பேரப்பிள்ளைகளுடன் கூடாரத்தில் தங்கப் போகிறீர்களா?

பாய், கைவிளக்கு, சாப்பாடு எல்லாவற்றையும் பிள்ளைகள் கட்டட்டும். மருந்துப் பையை மட்டும் நீங்களே கட்டுங்கள். புலாவ் உபினில் ஓர் இரவுதான் என்றாலும் இரண்டு நாள் மருந்து கூடுதலாக வையுங்கள். மறந்துவிட்டால் சாங்கிக்குப் படகேறித் திரும்ப வேண்டியிருக்கும்.

இன்சுலின் போடுபவர்கள் அதைத் துணியில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைக்கவும். பனிக்கட்டி அதன்மேல் படக்கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின், பார்வைக்கு நன்றாக இருந்தாலும், பயன்படாது. வெகுதூரம் நடந்தால் இரத்தச் சர்க்கரை இறங்கலாம். மிட்டாய் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும், கூடாரத்தில் அல்ல.

டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு பகலிலும் கடிக்கும். ஆகவே, கொசு விரட்டியைக் காலையிலேயே பூசுங்கள்.

நெஞ்சு வலித்தால், பிள்ளைகளின் விடுமுறை கெட்டுவிடுமே என்று பொறுத்திருக்காதீர்கள். உடனே சொல்லுங்கள், 995ஐ அழைக்கச் செய்யுங்கள்.