சேவலும் சிறுத்தையும்

சேவல் ஒன்று. அதன் தலைக்கு மேலே, “வெள்ளையர் மேலாதிக்கம்” என்ற சொற்கள். காலடியிலே, “நியாயத்திற்காக” என்ற சொல்! ஏதோ வெறியர் கூட்டம் சுவரில் ஒட்டிய துண்டறிக்கை என்று எண்ணிவிடாதீர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலே, ஜனநாயகக் கட்சி எனப் பெயர் பூண்டவர்கள், 1966 தொடங்கும்வரை வாக்குச் சீட்டிலே அச்சிட்டுவந்த சின்னம்! பெயரிலே ஜனநாயகம், சின்னத்திலே நிறத்திமிர்!

அந்த மாநிலத்தில் லௌண்ட்ஸ் என்றொரு மாவட்டம். ஐந்து பேரில் நால்வர் கறுப்பர். பருத்திக் காட்டிலே பாடுபட்டவர்கள். 1965 பிறந்தபோது வாக்காளர் பட்டியலிலே அவர்களில் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை! வெள்ளையர் எத்தனை பேர்? வயது வந்த வெள்ளையரின் தொகையைக் காட்டிலும் அதிகம்! உயிரோடிருந்த கறுப்பருக்கு இடமில்லாத பட்டியலிலே, ஊரைவிட்டும் உலகைவிட்டும் போன வெள்ளையருக்கு இடம் இருந்தது.

தற்செயலா இது? 1901-ல் அரசியல் சட்டம் வகுக்கக் கூடிய மாநாட்டின் தலைவர் ஜான் நாக்ஸ், வெள்ளையர் மேலாதிக்கத்தைச் சட்டப்படி நிலைநாட்டுவதே நோக்கம் என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார். வாக்களிக்கத் தலைவரி கட்டு என்றனர். எழுதப் படிக்கத் தெரியுமா, தேர்வு எழுது என்றனர். தேறினாயா இல்லையா என்று தீர்ப்பளிப்பவரும் வெள்ளை அதிகாரியே!

1965 மார்ச்சில் செல்மா நகரிலே விடுதலை வேட்கை கொண்டோர் தடியடி பட்டனர். ஆகஸ்ட் 6-ல் வாக்குரிமைச் சட்டம் பிறந்தது. (அதன் முக்கியப் பல்லொன்றை 2013-ல் உச்சநீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், பிடுங்கிப் போட்டது. வழக்குத் தொடுத்த ஷெல்பி மாவட்டமும் அலபாமாவிலேதான்!)

சட்டம் வந்தது, பண்ணையார் சும்மா இருப்பாரா? பதிவு செய்த குத்தகையாளரைக் குடிசையைவிட்டு விரட்டினார். டிசம்பர் குளிரிலே, நெடுஞ்சாலையோரம் கூடாரம் அடித்துக் குடியிருந்தன அந்தக் குடும்பங்கள். ஆனால் பெயரை நீக்கக் கேட்கவில்லை. தனிக் கட்சியே கண்டனர்! எழுத்தறியாதார் பலர்; ஆகவே சின்னம் வேண்டும். சேவலுக்கு எதிரே எதை நிறுத்துவது? பாயும் கருஞ்சிறுத்தையை!

1966 மே 3-ந் தேதி, மாதாகோயில் அருகே கூடி வேட்பாளர் எழுவரைத் தேர்ந்தெடுத்தனர். நவம்பர் 8-ல் எழுவரும் தோற்றனர். ஆம், தோற்றனர்! பண்ணையாட்களை லாரியில் ஏற்றிவந்து, யாருக்குப் போடவேண்டும் என்று சொல்லியனுப்பினர் முதலாளிகள். பசித்த வயிற்றைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை.

அந்தக் கட்சியின் தலைவர் ஜான் ஹியூலெட். 1965 மார்ச்சில், அந்த மாவட்டப் பட்டியலில் முதன்முதல் இடம்பெற்ற கறுப்பர் இருவரில் ஒருவர். 1970-ல் அவர் களம் புகுந்தார், ஷெரிப் பதவிக்கு. காவலும் சிறைச்சாலையும் கையிலுள்ள பதவி. வென்றார்! இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சாவிக்கொத்து அவர் இடுப்பிலேதான் இருந்தது.