உதிரிபாகம் எத்தனை இருந்தால் போதும்?

கம்பம் பள்ளத்தாக்கில் மழை பிடித்துவிட்டால் பன்னீர் திராட்சைக்கு அடிச்சாம்பல் நோய் பயம் வந்துவிடும். மருந்தடிப்பைத் தள்ளிப்போட முடியாது. அந்த நேரம் பார்த்து ஸ்பிரேயர் நின்றுபோய், "அண்ணே, வாஷர் மதுரையிலிருந்து வரணும்" என்று கடைக்காரர் சொன்னால் தோட்டக்காரருக்கு எப்படி இருக்கும்? ராணுவக் கிடங்குகளை வாட்டும் கவலையும் அதுதான். அங்கே நிற்பது போர் விமானம்.

கோவை அருகே சூலூர் விமானப்படைத் தளத்தில் 2018 முதல் தேஜஸ் விமானப் படைப்பிரிவு இருக்கிறது. இப்படி ஒரு தளத்தில் ஏதோவொரு பம்பு மாதம் 2 பழுதாகிறது, சரியாகித் திரும்ப 2 மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக எந்நேரமும் 4 பம்புகள் பணிமனையிலோ வழியிலோ கிடக்கும். அப்படியானால் 4 கூடுதலாக வைத்தால் போதுமே என்று தோன்றும். போதாது. பழுது சொல்லிவைத்தாற்போல் வராது. ஒரு மாதம் ஒன்றுமிராது, அடுத்த மாதம் ஐந்து வந்து நிற்கும். பாய்சான் நிகழ்தகவுக் கணக்கின்படி, 4 பம்புகள் இருப்பு வைத்தால் பற்றாக்குறை இல்லாத நேரம் 100-க்கு 63 தான். அதை 95 ஆக்க 7 வேண்டும்.

இப்போது பழுதுபார்க்கும் காலத்தை ஒரு மாதமாகக் குறைத்துப் பாருங்கள். அதே 95-க்கு 4 பம்புகளே போதும்! புதிதாக எதுவும் வாங்காமலே மூன்று பம்புகளின் விலை மிச்சம். கிடங்குக் கணக்கில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

ஆயிரக்கணக்கான பாகங்களில் எதற்குப் பணம் ஒதுக்குவது? அமெரிக்க விமானப்படைக்காக ராண்ட் நிறுவனத்தின் கிரெய்க் ஷெர்புரூக் 1968-இல் 'மெட்ரிக்' என்ற முறையை வெளியிட்டார். எந்தப் பாகத்தில் ஒன்றைக் கூட்டினால், போட்ட பணத்துக்குப் பாகமின்றிக் காத்திருப்பது அதிகம் குறையுமோ, அதை முதலில் வாங்கு என்பது அதன் சாரம். விலை குறைந்தவை தாராளமாகச் சேரும். விலை கூடியவை அளந்துதான் சேரும். எதைத் தளத்தில் வைப்பது, எதைப் பல தளங்களுக்கும் பொதுவாக மையக் கிடங்கில் வைப்பது என்பதையும் அதே கணக்கு சொல்லும்.

தேஜஸின் எஃப்404 என்ஜின் அமெரிக்கத் தயாரிப்பு. பழுதாகி அங்கே போய்த் திரும்பினால் காலம் நீளும். எனவே இப்படி வெளிநாட்டுப் பாகம் வாங்கும் எந்த ஒப்பந்தத்திலும், அதை இங்கேயே பழுதுபார்க்கும் வசதியையும் சேர்த்தே கேட்க வேண்டும். கையெழுத்தான பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.