ஜாரியா: தூசிக்குச் சட்டம் தந்த சலுகை

ஜார்க்கண்டின் தன்பாத் மாவட்டத்தில் இருக்கிறது ஜாரியா. எஃகு ஆலைகளுக்குத் தேவையான கோக் நிலக்கரி கிடைக்கும் இந்தப் பகுதியில் திறந்தவெளிச் சுரங்கங்களின் விளிம்பை ஒட்டியே மக்கள் குடியிருக்கிறார்கள். காற்றில் கரித்தூசி கலப்பது அங்கே அன்றாட நடப்பு.

தூசி எப்படி எழுகிறது?

நிலக்கரியை எடுக்கும் முன் அதன்மேல் உள்ள மண்ணையும் மணற்பாறையையும் அகற்ற வேண்டும். துளையிடுவது, வெடிவைப்பது, வாரி ஏற்றுவது, கொட்டுவது என ஒவ்வொரு வேலையிலும் தூசி பறக்கிறது. வெடியின்போது எழும் தூசிமண்டலம் சிறிது நேரத்தில் கலைந்துவிடும். நாள் முழுக்கத் தூசி கிளப்புவது டம்பர்கள் ஓடும் மண்சாலைதான். கனத்த சக்கரங்கள் கல்லையும் கரியையும் மாவாக அரைக்க, அடுத்து வரும் வண்டி அதைக் காற்றில் ஏற்றிவிடுகிறது. ஜாரியாவில் 1916 முதல் நிலத்தடியில் எரிந்துவரும் நிலக்கரித் தீயின் புகையும் இதோடு சேர்கிறது.

உடலை என்ன செய்யும்?

பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். 10 மைக்ரான்களுக்குக் குறைவானவை மூச்சுக்குழாய்க்குள் இறங்கும், 2.5 மைக்ரான்களுக்குக் குறைவானவை நுரையீரலின் ஆழம்வரை போகும். மணற்பாறைத் தூசியில் உள்ள சிலிக்கா, தொழிலாளர்களுக்குச் சிலிக்கோசிஸ் நோயைத் தரக்கூடியது. இதற்கு முழுமையான சிகிச்சை இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2009-இன் தேசியத் தரநிலைப்படி, ஒரு கன மீட்டர் காற்றில் 10 மைக்ரான் வரையிலான நுண்துகள்களின் ஆண்டுச் சராசரி 60 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. நிலக்கரிச் சுரங்கங்களுக்கென 2000-இல் வந்த அறிவிக்கையோ, சுவாசத்தில் கலக்கும் துகள்களுக்குப் புதிய சுரங்கங்களில் 180 வரையிலும், ஜாரியா, ராணிகஞ்ச், பொகாரோ பகுதிகளில் 250 வரையிலும் அனுமதித்தது. அளவிடும் இடம், தூசி கிளம்பும் இடத்திலிருந்து காற்று வீசும் திசையில் 500 மீட்டர் தள்ளி. ஜாரியாவில் அந்த 500 மீட்டருக்குள்ளேயே வீடுகள் இருக்கின்றன.

என்ன செய்யலாம்?

வழிகள் தெரிந்தவையே: சுரங்கச் சாலைகளை உறுதியாக அமைத்து, காயக் காய நீர் தெளிப்பது, ஈரத் துளையிடல், லாரிகளுக்குத் தார்ப்பாய், லாரிக்குப் பதிலாக மூடிய கன்வேயரில் ரயிலடிக்குக் கரியைக் கொண்டுபோவது. இவை ஒழுங்காக நடக்கின்றனவா என்பதைக் குடியிருப்புகளுக்குள்ளேயே அளந்து, அந்த அளவை அன்றன்றே மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பழைய சுரங்கம் என்பதற்காக அங்கே வாழ்பவர்களுக்கு மட்டும் கூடுதல் தூசியை ஒதுக்கும் விதியும் மாற வேண்டும். ஜாரியாவில் பிறக்கும் குழந்தையின் நுரையீரலுக்குத் தனித் தரநிலை கிடையாது.