“எடுக்கணும்னு இல்லம்மா, சும்மா பாருங்க”

சென்னை தி.நகரின் பனகல் பார்க்கைச் சுற்றியுள்ள பட்டுக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. விற்பதற்காக நிற்பவரே வாங்க வேண்டாம் என்கிறார். சொல்லிக்கொண்டே அடுத்த புடவையையும் விரித்துப் போடுகிறார். வெறும் வாய்ஜாலம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பட்டு வியாபாரி நல்லி சின்னசாமி செட்டியார் தி.நகரில் கடை திறந்தது 1928இல். ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக இந்தப் பகுதியில் பட்டு விற்கிறது. தறியையும் ஜரிகையையும் பற்றி நிறைய எழுதிவிட்டோம். கவுன்டரில் நடக்கும் பேச்சும் பழகித் தேற வேண்டிய ஒரு தொழில்தான் என்பதை மட்டும் கவனிக்கத் தவறிவிட்டோம்.

தமிழ்ப் பேச்சின் பணிவைக் கவனித்த இருவர் வெளியூர்க்காரர்கள். பெனிலோபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற மொழியியலாளர்கள் 1978இல் வெளியிட்டு, 1987இல் தனிநூலாக்கிய ஆய்வு, மனிதர்கள் ஏன் பணிவாகப் பேசுகிறார்கள் என்று கேட்டது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று, கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பேசப்பட்ட தமிழ். அவர்கள் கண்டது இதுதான்: ஒவ்வொருவருக்கும் இரண்டு தேவைகள் உண்டு. பிறர் நம்மை மதித்து, வேண்டியவராக நடத்த வேண்டும்; அதே சமயம் யாரும் நம்மை நெருக்கக் கூடாது. நம் கடைக்காரர்கள் முதல் தேவையில் கெட்டிக்காரர்கள். “வாங்கக்கா”, “உங்க கலருக்கு இது எடுப்பா இருக்கும்” எல்லாம் அந்த வகை. (முப்பத்தைந்து வயதுக்காரரை “ஆன்ட்டி” என்று கூப்பிட்டால் வியாபாரம் அங்கேயே முடிந்தது என்பதும் இதே கணக்குதான்.) இரண்டாவது தேவையில்தான் சறுக்குகிறார்கள். உள்ளே நுழைந்ததும் “என்ன ரேட்ல பாக்கறீங்க?” என்று கேட்பது பர்ஸை எடை போடுவது. “என்ன விசேஷத்துக்கு?” என்று கேட்டால் முகூர்த்தப் புடவையா, நாத்தனாருக்கு வைத்துக் கொடுக்கவா என்பது தெரிந்துவிடும்; விலையும் பேச்சோடு பேச்சாக வந்துவிடும். இன்னும் மோசம், ஒரு புடவையைக் கை காட்டியதும் “அது வெல ஜாஸ்திம்மா” என்பது. ‘அம்மா’வும் இருக்கிறது, குரலும் தாழ்ந்திருக்கிறது, மரியாதை மட்டும் இல்லை.

ஆகவே மரியாதை என்பது விகுதியில் இல்லை. வாடிக்கையாளர் கையில் எவ்வளவு தகவலையும் எவ்வளவு சுதந்திரத்தையும் கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது என்பது என் வாதம். கிராண்ட் பேக்கர்ட், ஜோனா பெர்ஜர் இருவரும் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. வாடிக்கையாளர் சேவை உரையாடல்களை ஆராய்ந்த அவர்கள், பொத்தாம்பொதுவாகப் பேசுவதைவிட, கேட்ட பொருளையே குறிப்பிட்டுப் பேசும்போது வாடிக்கையாளர் நிறைவடைகிறார், கூடுதலாக வாங்கவும் செய்கிறார் என்று கண்டார்கள். பேக்கர்ட் குழுவின் 2018ஆம் ஆண்டு ஆய்வு, நிறுவனத்தின் பெயரால் ‘நாங்கள்’ என்பதைவிட ஊழியர் ‘நான்’ என்று பேசுவதே எடுபடுகிறது என்றது. “பாக்கறோம் மேடம்” என்பதற்கும், “இதே அரக்குல சின்ன பார்டர் மாடியில இருக்கு, நான் எடுத்துட்டு வரேன்” என்பதற்கும் உள்ள தூரம் அது. இந்த ஆய்வுகள் நம் ஊர்க் கடைகளில் நடந்தவை அல்ல. ஆனாலும், தான் சொன்னது காதில் விழுந்ததா என்று பார்க்கிற மனசு எல்லா ஊருக்கும் பொது.

இதெல்லாம் பணத்தைக் கறக்கும் நயமான வழிதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பத்துப் புடவையை விரித்துப் போட்டபின் வெறுங்கையோடு எழுந்திருக்கக் கூச்சமாகத்தான் இருக்கும்; “சும்மா பாருங்க” என்பதே தூண்டிலாகவும் ஆகலாம். எது தூண்டில் என்று பிரித்தறிய நம் சட்டமே ஓர் அளவுகோல் தருகிறது. இணைய வணிகத் தளங்களுக்காக 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டன. இல்லாத அவசரத்தைக் காட்டுவது ஒன்று. வேண்டாம் என்பவரை வெட்கப்படுத்துவது இன்னொன்று. “கடைசி பீஸ்” என்ற பொய்யும், “பொண்ணு கல்யாணத்துக்குப் போய்க் கணக்குப் பாக்கறீங்களே” என்ற குத்தலும் கவுன்டரில் பேசப்படும் அவற்றின் தமிழ் வடிவங்கள். அந்த நெறிகள் கடை வாசலுக்கு வராவிட்டாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாய்வார்த்தையாகச் சொல்லும் பொய்யையும் நியாயமற்ற வணிக நடைமுறையில் சேர்க்கிறது. ஜரிகையைப் பற்றி உண்மையைச் சொல்லி, எழுந்து போகவும் விடுகிற நயமான பேச்சு அந்தக் கணக்கில் வராது.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது அடுத்த ஆட்சேபம். “42 சைஸ் இல்ல, 40 இருக்கு, போட்டுப் பாருங்க” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நேரத்தைவிடப் பெரிய தடை கால்வலி. நாள் முழுக்க நின்றவரிடம் கனிவை எதிர்பார்ப்பதில் ஒரு கொடுமை இருக்கிறது. வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படம் 2010இல் திரைக்குக் கொண்டுவந்தது இத்தகைய கடை ஊழியர்களின் வாழ்க்கையைத்தான். கேரளம் 2018இல் செய்ததைப் பின்பற்றி, தமிழ்நாடும் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. ஆனால் “ஏய் தம்பி, அதை எடு” என்று ஒருமையில் ஏவும் நம்மை எந்தச் சட்டமும் திருத்தவில்லை. விற்பவருக்கு மட்டும் பயிற்சி வகுப்பு நடத்துகிற கடைகள், வாங்குபவரின் பேச்சைக் கண்டுகொள்வதே இல்லை. வசவைக் கேட்டுக்கொண்டு சிரிக்கச் சொல்லும் முதலாளி, அதையும் சம்பளத்துக்குள் அடக்கிவிடுகிறார்.