துப்பாக்கிச் சட்டத் தளர்வும் கடைக்காரர் தலையில் விழும் பொறுப்பும்

கடையில் என்ன பலகை மாட்டுவது என்பது நமக்குப் பெரிய பிரச்சினை அல்ல. "கடன் அன்பை முறிக்கும்" என்று எழுதி மாட்டிவிட்டு நிம்மதியாக வியாபாரத்தைப் பார்க்கிறோம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மளிகைக் கடைக்காரர் வேறொரு பலகையைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. "துப்பாக்கியுடன் உள்ளே வராதீர்கள்" என்று எழுதி மாட்டுவதா, வேண்டாமா என்பதே அது. அங்கு சிறு கடைகள் நடத்துவோரில் இந்திய வம்சாவளியினரும் கணிசமாக இருப்பதால், இந்த விவாதத்தை வணிகர் என்ற முறையில் நாமும் விளங்கிக்கொள்வது நல்லது.

விவாதத்தின் வேர்

ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையை அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் 1791லேயே குறிப்பிட்டுவிட்டது. துப்பாக்கி விற்பனைக்கு மத்திய அரசின் விதிகள் உண்டு. ஆனால் வாங்கிய துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு கடைத்தெருவுக்கு வரலாமா என்பதைப் பெரும்பாலும் மாநிலச் சட்டமன்றங்களே முடிவு செய்கின்றன.

முன்பு பல மாநிலங்களில் இதற்கு உரிமம் தருவதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பமாக இருந்தது. தகுதி உள்ளவருக்கு உரிமம் தந்தே ஆக வேண்டும் என்று புளோரிடா 1987ல் சட்டம் செய்தது. பிற மாநிலங்கள் பலவும் அவ்வழியில் சென்றன. உரிமமே தேவையில்லை என்பது அடுத்த கட்டம். வெர்மான்ட் மாநிலத்தில் ஆதிமுதலே உரிமம் கிடையாது. அலாஸ்கா 2003ல் அந்தத் தேவையை நீக்கியது. 2024 ஜூலைக்குள் இத்தகைய மாநிலங்களின் எண்ணிக்கை 29 ஆகிவிட்டது.

டெக்சாஸ் கதை

1991 அக்டோபரில் டெக்சாஸின் கில்லீன் நகரில் உணவகம் ஒன்றில் புகுந்த ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே தன் பெற்றோர் இருவரையும் இழந்த சூசன்னா ஹப், சட்டத்துக்குப் பயந்து தன் கைத்துப்பாக்கியைக் காரிலேயே விட்டு வந்திருந்தார். அது கையில் இருந்திருந்தால் எதிர்த்திருக்கலாம் என்று அவர் எடுத்துக் கூறியது மக்கள் மனத்தைத் தொட்டது. 1995ல் உரிமத்துடன் மறைத்து எடுத்துச் செல்லும் சட்டம் வந்தது. 2016 ஜனவரி முதல் உரிமம் உள்ளவர் வெளியே தெரியும்படியும் எடுத்துச் செல்லலாம் என்றாயிற்று. 2021 செப்டம்பர் முதல், தடைக்கு உட்படாத 21 வயது நிரம்பியவர்களுக்கு உரிமமே தேவையில்லை.

இரு தரப்பு வாதங்கள்

தளர்வை ஆதரிப்போர் சொல்வது இது: கொள்ளையடிக்க வருபவன் உரிமம் வாங்கிக்கொண்டா வருகிறான்? இரவு நேரத்தில் கல்லாவில் தனியாக இருப்பவருக்குப் போலீஸ் வந்து சேரும் வரை யார் துணை? சாசனம் தந்த உரிமைக்குக் கட்டணமும் அனுமதியும் எதற்கு?

எதிர்ப்போர் சொல்வதையும் கேட்போம். உரிமம் என்றால் வகுப்பும் சுடும் தேர்வும் இருந்தன. உரிமம் தேவையில்லை என்றால் அவற்றைக் கட்டாயமாக்க வழியில்லை. சில்லறைக்காக எழும் வாய்ச்சண்டை, இடுப்பில் துப்பாக்கி இருந்தால் உயிர்ச்சேதத்தில் முடியலாம். டெக்சாஸில் 2021ல் போலீஸ் அமைப்புகள் பலவும் இந்தத் தளர்வை எதிர்த்தன.

மூன்று பலகைகள்

இனி நமக்கு நேராகப் புரியும் பகுதிக்கு வருவோம். டெக்சாஸில் தம் கடைக்குள் துப்பாக்கி கூடாது என்று சொல்லும் உரிமை கடைக்காரருக்கு உண்டு. ஆனால் சட்டம் சொல்லும் முறையில் சொல்ல வேண்டும். உரிமத்துடன் மறைத்து வருபவருக்கு ஒரு பலகை, உரிமத்துடன் தெரியும்படி வருபவருக்கு ஒரு பலகை, உரிமம் இல்லாதவருக்கு மற்றொன்று. ஆங்கிலம், ஸ்பானிஷ் இரு மொழிகளிலும், ஓர் அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில், எடுப்பான நிறத்தில், கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். பலகையை மீறி வரும் உரிமதாரருக்கு 200 டாலர் வரை அபராதம். கடைக்காரர் நேரில் சொல்லியும் வெளியேற மறுத்தால் ஓராண்டு வரை சிறை. ஆனால் ஆயுதம் ஏந்தியவரிடம் அதைச் சொல்ல வேண்டியவர் கடைக்காரரோ, அவருடைய சிப்பந்தியோதான். பலகையும் இல்லை, வாயாலும் சொல்லவில்லை என்றால் சம்மதம் என்று பொருள்.

இதற்கு நேர்மாறாக, கடைக்காரர் வெளிப்படையாக அனுமதித்தால் ஒழியத் துப்பாக்கி கூடாது என்று நியூயார்க் 2022லும் ஹவாய் 2023லும் சட்டம் செய்தன. இவை வழக்குகளைச் சந்தித்தன. ஹவாய் சட்டத்தை எதிர்த்த வழக்கை 2025 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. சுருங்கச் சொன்னால், கடைக்காரரின் மௌனத்துக்கு என்ன பொருள் என்பதே வழக்கு.

நஷ்டஈடும் வாகன நிறுத்தமும்

விஸ்கான்சின் மாநிலம் 2011ல் செய்த சட்டப்படி, மறைத்து எடுத்து வருவதைத் தடுக்காத கடைக்காரர் மீது அந்த முடிவுக்காக நஷ்டஈடு கோர முடியாது. தடுப்பவருக்கு அந்தப் பாதுகாப்பை அச்சட்டம் தரவில்லை. உரிமை இரு பக்கமும் இருப்பதுபோல் தோன்றினாலும் தராசு ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைக் காணலாம்.

2008ல் புளோரிடா, உரிமம் பெற்றவர்கள் தம் காரில் பூட்டி வைத்திருக்கும் துப்பாக்கியைக் கடையின் வாகன நிறுத்துமிடத்தில் தடுக்கக் கூடாது என்றது. அம்மாநில வர்த்தக சபையும் சில்லறை வணிகர் சம்மேளனமும் நீதிமன்றம் சென்றன. பணியாளர்கள் விஷயத்தில் சட்டம் செல்லும் என்றும், வாடிக்கையாளர்கள் விஷயத்தில் செல்லாது என்றும் மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனிக் கடைக்காரர் சுமக்க முடியாத வழக்கைச் சங்கங்கள் சுமந்தன.

பெரிய கடையும் சிறிய கடையும்

2019 ஆகஸ்டில் எல் பாசோ நகர வால்மார்ட் கடையில் நடந்த துப்பாக்கிச் சூடு 23 உயிர்களைப் பறித்தது. அடுத்த மாதம் அந்நிறுவனம், வெளியே தெரியும்படி துப்பாக்கி கொண்டுவர வேண்டாம் என்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. கைத்துப்பாக்கி ரவை விற்பனையையும் நிறுத்த முடிவு செய்தது. அவ்வளவு பெரிய நிறுவனமே கேட்டுக்கொள்வதோடு நின்றது. தெருமுனைக் கடைக்காரர் பலகை மாட்டினால் ஒரு சாரார் கோபிப்பர். மாட்டாவிட்டால் மறுசாரார் அஞ்சி வேறு கடை தேடுவர்.

துப்பாக்கி நல்லதா கெட்டதா என்பதை அந்நாட்டு மக்கள் முடிவு செய்யட்டும். நாம் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அரசு அலுவலகத்தில் யாருக்குத் தரலாம் என்று பார்த்துவந்த வேலை, சட்டம் தளர்ந்ததும் கடை வாசலுக்கு வந்துவிடுகிறது. அந்த வேலைக்கு அதிகாரிக்குச் சம்பளம் இருந்தது. கடைக்காரருக்கு இருப்பது பலகைச் செலவும் பயமும்தான். இந்தச் சுமையை அவர் மீது வைக்கும் முன் அவரைக் கேட்பதும், தடுத்தாலும் அனுமதித்தாலும் சட்டத்தின் பாதுகாப்பு ஒரே அளவில் கிடைக்கச் செய்வதும்தான் முறை.