ஓசை புகாத அறை

குரலைப் பதிவு செய்தல் இன்று எளிது. கையடக்கத் தொலைபேசி ஒன்று கைவசம் இருந்தால் போதும். குரலை மட்டும் பதிவு செய்தல் அத்துணை எளிதன்று. கந்தளாயில் இருந்துகொண்டு அதற்கு முனைந்தவன் என்ற முறையிலே, அத்தொல்லையையும் அதனைச் சொற்பச் செலவில் வென்ற வகையையும் வாசகர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

எங்கள் ஊர் ஓசைக்குக் குறைவில்லாத ஊர். திருகோணமலைக்குச் செல்லும் பெருந்தெருவில் பஸ் வண்டிகள் ஓயாது ஓடுகின்றன. போகந்தோறும் வயல்களில் உழவு இயந்திரங்கள் உறுமுகின்றன. கோயில் மணியும், பள்ளிவாசல் பாங்கும், விகாரையின் பிரித்தும் வேளை தவறாது ஒலிக்கின்றன. கச்சான் காற்றுக் காலத்தில் கதவுகள் ஆடுகின்றன. மாரியில் தகரக் கூரைமேல் மழை பறையறைகின்றது. இவையெல்லாம் ஊருக்கு அழகு, ஒலிவாங்கிக்கோ பகை.

இவற்றினிடையே நான் பதிய விரும்பியது முதியோரின் பேச்சை. 1986 ஏப்ரல் 20ஆம் நாள் அதிகாலையில் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளும் வயல்களும் அழிந்தன. 7ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டிய குளம் இது என்பது சரித்திரம். குளக்கோட்டனின் திருப்பணி என்பது தமிழர் மரபு. குளத்தின் பழைமைக்கு ஏடுகள் உள்ளன. ஆனால், அவ்விரவில் வெள்ளம் வந்த ஓசை எத்தகையது என்பதைக் கேட்டவர் நாவன்றோ சொல்ல வேண்டும்? அவர்களும் முதுமை எய்திவிட்டனர்.

ஒலிப்பதிவு அறைக்கு இரண்டு வேலைகள் உண்டு. வெளியோசையைத் தடுப்பது ஒன்று. உள்ளே எழும் எதிரொலியை அடக்குவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுவோர் சுவரெங்கும் முட்டைத் தட்டுகளை ஒட்டிவிட்டுப் பஸ்ஸின் இரைச்சல் ஏன் இன்னும் கேட்கின்றது என்று வியக்கின்றனர். காகிதத் தட்டுக்குக் கனமேது?

வெளியோசையைத் தடுப்பவை கனமும் அடைப்பும். சுவரின் கனத்தை இருமடங்காக்கினால் ஏறத்தாழ 6 டெசிபெல் ஒலி குறையும். ஆயினும், பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறப்பு இருந்துவிட்டால், சுவர் கோட்டை மதிலாயினும் 20 டெசிபெலுக்கு மேல் தடுக்க இயலாது. ஆகவே புதுச்சுவர் எழுப்பும் எண்ணத்தை விடுத்து, இருந்த துவாரங்களை அடைத்தேன். சுவருக்கும் கூரைக்கும் இடைப்பட்ட திறப்பைச் செங்கல் வைத்துச் சீமெந்தினால் பூசினேன். யன்னலுக்கு உட்புறம் பழைய கனத்த பலகையைப் பொருத்தினேன். கதவின் சட்டத்தில் றப்பர்ப் பட்டை. அடியிலே மணல் நிரப்பிய சாக்குச் சுருள். செலவில் பெரும்பகுதி இங்கேயே முடிந்தது.

எதிரொலியை அடக்கும் கலைக்கு வழிகாட்டியவர் அமெரிக்கப் பேராசிரியர் வாலஸ் சபைன். 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை மண்டபம் ஒன்றில் பேச்சு விளங்கவில்லை. எழுந்த ஓசை ஐந்தரை வினாடி வரை சுழன்றது. அயலிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவல் வாங்கி, ஊர் உறங்கும் இரவுகளில் ஒவ்வொன்றாகப் பரப்பி, ஓசை அடங்கும் நேரத்தை அவர் அளந்தார். மெத்தைகள் நிறைந்தபோது அது ஒரு வினாடியளவுக்குக் குறைந்தது. இன்றைய ஒலியரங்கக் கணக்குகள் அம்மெத்தைகளிலிருந்து பிறந்தவையே.

நானும் மெத்தையையே நாடினேன். வீட்டிற் கிடந்த இலவம்பஞ்சு மெத்தைகளையும் தடித்த போர்வைகளையும் சுவரோடு ஒட்டாது, அரைச்சாண் தள்ளித் தொங்கவிட்டேன். காரணம் உண்டு. சுவரோரத்துக் காற்று அசைவதில்லை. அசையும் காற்றையே பஞ்சு பிடித்தடக்கும். வினாடிக்கு 1000 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 34 சென்டிமீற்றர். அதில் காற்பங்கு தொலைவில்தான் காற்றின் அசைவு மிகுதி. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் வானொலியாளர் பலர் வீட்டிலே போர்வைக்குள் அமர்ந்து பேசியதும் இந்நியாயம் பற்றியே.

செலவேயில்லாத மருந்துகளும் உள. ஒலிவாங்கியின் தொலைவைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபெல் உயரும். ஆகவே பேசுவோரின் வாய்க்கு ஒரு சாண் தொலைவில் வைத்தேன். வேளையும் ஒரு மருந்தே. மூடிய அறை கந்தளாய் வெயிலில் சூளையாகும், மின்விசிறியோ இரையும். முதியோரை அதனுள் அமர்த்துதல் தகாது. ஆதலால் உழவு இயந்திரம் விழிக்குமுன், குளிர்ந்த விடியற்பொழுதிலே, இருபது நிமிடம் பேசி, கதவைத் திறந்து இளைப்பாறி, மீண்டும் தொடங்குவோம். தகரக் கூரைமீது மழை பெய்தால் மட்டும் எம்மிடம் பரிகாரமில்லை. தேநீர் அருந்திக் காத்திருப்போம்.

“முதலில் மழையென்றே நினைத்தேன், தம்பி,” என்று ஆச்சி ஒருவர் அவ்வறையிலே சொன்னார். பின் நெடுநேரம் பேசவில்லை. பதிவில் அந்த மௌனம் மௌனமாகவே இருக்கின்றது. அவர் மூச்சு வாங்குவதும் கேட்கின்றது. தெருவோசை கலந்திருந்தால் அவ்விடத்தில் எதுவுமே இல்லையென்று பின்னர் கேட்போர் கடந்து போயிருப்பர்.

உங்கள் வீட்டிலும் பழைய மெத்தை இருக்கும். பேச விரும்பும் முதியவர் ஒருவரும் இருப்பார். மெத்தையை எப்போது வேண்டுமாயினும் வாங்கலாம்.