திண்டிவனத்தில் சந்திக்கும் இரு ஒப்பந்தங்கள்: நெடுஞ்சாலைக் கட்டுமானத்தில் அரசு–தனியார் பங்கேற்பு

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில், அரசு–தனியார் பங்கேற்பில் நான்குவழியாக்கப்பட்ட இரு பகுதிகள் திண்டிவனத்தில் சந்திக்கின்றன. அவற்றின் ஒப்பந்த அடிப்படை வேறு. தாம்பரம்–திண்டிவனம் பகுதி (93 கி.மீ.) ஆண்டுத்தொகை முறையில் அமைந்தது. ஒப்பந்ததாரர் முதலீடு செய்து சாலை அமைத்துப் பராமரிக்க, தேசிய நெடுஞ்சாலை ஆணையம் ஆறு மாதங்களுக்கொருமுறை நிலையான தொகை வழங்கியது. பரனூர், ஆத்தூர் சுங்க வருவாய் ஆணையத்தைச் சேர்ந்தது. விழுப்புரத்தை ஒட்டிச் செல்லும் திண்டிவனம்–உளுந்தூர்பேட்டை பகுதிக்கு (சுமார் 73 கி.மீ.) 2006இல் சுங்க வசூல் முறையில் ஒப்பந்தமானது. இவ்வொப்பந்தத்தின்படி விக்கிரவாண்டியில் வசூலான சுங்கமே ஒப்பந்ததாரரின் வருவாயாக இருந்தது.

எனவே போக்குவரத்து குறைந்தால் முன்னதில் இழப்பு அரசுக்கு, பின்னதில் தனியாருக்கு. சுங்கம் செலுத்தும் பயணிக்கு இவ்வேறுபாடு புலப்படாது. ஆய்வாளரோ, இவ்விரண்டையும் ஒரே வகையாகக் கொள்ளாது, இடரை ஏற்பவர் யார் என்பதை முதலில் வினவுதல் வேண்டும்.